எருக்கூடையின் கணக்கு

திருக்குறளின் உழவு அதிகாரத்தை மேடையில் எடுத்தாள்பவர்கள் பெரும்பாலும் முதல் மூன்று குறள்களோடு நின்றுவிடுகிறார்கள். உலகம் ஏரின் பின்னால்தான் போகிறது. உழுகிறவரே உலகத்துக்கு அச்சாணி. உழுது உண்பவரே வாழ்பவர், மற்றவர்கள் தொழுது பின்னால் செல்பவர்கள். பொங்கல் வாழ்த்து அட்டைக்கும் கட்சி மாநாட்டுப் பந்தலுக்கும் இந்த மூன்றே போதும். அதிகாரத்தின் பின்பாதியில்தான் மண் வருகிறது. ஏழாவது குறள், ஒரு பலம் புழுதி கால் பலமாகச் சுண்டும்வரை உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்கிறது. அடுத்த குறளே அதோடு வழக்காடுவதுபோல, உழுவதைவிட எருவிடுவது நல்லது என்கிறது. களையெடுத்த பிறகு, நீர் பாய்ச்சுவதைவிடக் காவல் காப்பது நல்லது என்றும் சேர்த்துச் சொல்கிறது.

இந்த எட்டாவது குறளில் ஐந்து வேலைகள் இருக்கின்றன: உழுதல், எருவிடுதல், களையெடுத்தல், நீர் பாய்ச்சுதல், காத்தல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதைச் செய்யும் ஆளை நிறுத்திப் பாருங்கள். உழுவது ஆண். மடை திறப்பதும் ஏற்றம் இறைப்பதும் இன்றைக்கு மோட்டார் போடப் போவதும் பெரும்பாலும் ஆண். களை பெண்ணுடையது; அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. காவலுக்குச் சங்கப் பாடல்களே சாட்சி: தினைப்புனத்தில் கிளி ஓட்டிக்கொண்டிருப்பவள் தலைவிதான். எரு? மாட்டுக் கொட்டகையைக் கூட்டுவது, சாணம் வழிப்பது, சாம்பலும் செத்தையும் சேர்த்து எருக்குழியில் கொட்டுவது, அது மக்கியபின் கூடையில் அள்ளித் தலையில் வைத்து வயலுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது. வண்டியில் போகும் எருவுக்குக்கூட வண்டியோட்டி ஆணாக இருப்பான். அள்ளிப் போடுபவளும் இறக்கிப் பரப்புபவளும் பெண்ணாக இருப்பாள். ஆக, ஆண் செய்யும் இரண்டு வேலைகளையும் பெண் செய்யும் வேலைகளோடு ஒப்பிட்டு, இரண்டு முறையும் பெண்ணின் வேலைதான் மேல் என்று அந்தக் குறள் தீர்ப்பு எழுதியிருக்கிறது.

வள்ளுவர் அப்படி நினைத்துத்தான் எழுதினார் என்று நான் வாதாட மாட்டேன். அவர் வேலையை வைத்து எடைபோட்டார், ஆளை வைத்து அல்ல. ஆனால் ஆளைக் கண்ணில் படாமல் வைத்துவிட்டு வேலையை எடைபோடுவது இந்த மொழியில் இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் என்பதைச் சொல்லாமலும் இருக்க முடியாது. எருவே மேல் என்று சொன்ன அதிகாரத்தின் பெயர் ‘உழவு’. அதைச் செய்பவர் பெயர் ‘உழவர்’. பல ஊர்களில் பெண் ஏரைத் தொடக் கூடாது என்ற விலக்கு இருந்தது. இன்றும் முற்றாகப் போகவில்லை. தொடக் கூடாத கருவியின் பெயரால் ஒரு தொழிலுக்கே பெயர் வைத்தால், அந்தத் தொழிலில் பாதிக்கு மேல் செய்பவளுக்குப் பெயரில்லாமல் போகிறது. வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி, “எருவு கொட்றது, பரப்பறது எல்லாம் எங்கம்மாதான் மிஸ். ஏர்ல மட்டும் கை வைக்கக் கூடாதுன்னு தாத்தா சொல்வாரு” என்றாள். உரையாசிரியர்கள் தொடாத இடத்தை அவள் ஒரே மூச்சில் தொட்டுவிட்டாள்.

அதிகாரம் முடியும் இடத்துக்கு வருவோம். ஒன்பதாவது குறளில், நிலத்துக்கு உரியவன் போய்ப் பார்க்காமல் வீட்டிலிருந்தால் நிலம் மனைவியைப்போல வெறுத்து ஊடிக்கொள்ளும். பத்தாவதில், ஒன்றுமில்லை என்று சோம்பியிருப்பவரைப் பார்த்து நிலம் என்னும் நல்ல பெண் சிரிப்பாள். எருவும் களையும் காவலுமாக இருந்த உழைக்கும் பெண் இரண்டே குறள்களுக்குள் காணாமல் போய், அவள் இடத்தில் நிலமே பெண்ணாகி நிற்கிறது. இந்தப் பெண்ணுக்கு வேலை இல்லை. காத்திருப்பதும் ஊடுவதும் சிரிப்பதும்தான். நிலத்துக்கு உரியவனைக் குறிக்கும் சொல் ‘கிழவன்’. கிழமை என்றால் உரிமை. அதன் பெண்பால் ‘கிழத்தி’. தொல்காப்பியத்தில் கிழத்தி என்றால் தலைவி. கிழவன் நிலத்துக்கும் உரியவனாக முடிகிறது. கிழத்திக்கோ கிழவன் மட்டுமே உரிமை. இலக்கணத்தில் சமமாக நிற்கும் இரண்டு சொற்கள் பட்டா என்று வரும்போது சமமாக இல்லை.

நிலத்தைப் பெண்ணாக்கும் இந்த வழக்கம் பாரதி வரை தடையில்லாமல் வருகிறது. காணி நிலம் கேட்கும் அவரது புகழ்பெற்ற பாட்டில் மாளிகை, கிணறு, தென்னை, நிலவொளி, குயிலோசை என்ற வரிசையில் பத்தினிப் பெண்ணும் ஒருத்தி. நிலத்தில் இருக்க வேண்டியவற்றின் பட்டியலில் அவள் இருக்கிறாள். நிலத்தைக் கேட்பவர் பட்டியலில் இல்லை. ‘மண்ணின் மைந்தர்’ என்று சொல்கிறோம், மகள்களுக்கு அப்படி ஒரு தொடரே இல்லை. 2000க்குப் பிந்தைய பெண் கவிதை இந்த உருவகத்தை எதிர்த்திசையில் திருப்பியது. உடல் யாருடைய நிலமும் இல்லை என்று சொன்னது. இலாலாப்பேட்டையிலிருந்து எழுதும் சுகிர்தராணி உள்ளிட்ட பலர் இதில் செய்தது பெரிய காரியம். ஆனாலும் உருவகத்தைத் திருப்பினால் கிராம நிர்வாக அலுவலரின் பதிவேடு திரும்பிவிடாது. நிலத்தை உருவகமாகவே வைத்திருந்தது ஆண் கவிதை மட்டும்தானா என்ற கேள்வியையும் பெண் கவிதை இன்னும் முழுசாக எதிர்கொள்ளவில்லை.

உருவகங்களிலேயே என்னை அதிகம் தொந்தரவு செய்வது ‘மலடு’. விளைச்சல் போன நிலத்தைப் பற்றி எழுதும் எந்தப் பத்திரிகையும் இந்தச் சொல்லைத் தாண்டி யோசிப்பதில்லை. மலடாகும் மண், மலட்டு பூமி, மலடான விளைநிலம். சூழலியல் அக்கறையோடு எழுதுபவர்களும், ரசாயன உரத்துக்கு எதிராகப் பேசுபவர்களும்கூட கை நீட்டி எடுக்கும் முதல் சொல் இதுதான். தமிழில் நிலத்துக்கு இல்லாத பெயர்களா? உவர், களர், தரிசு, கரம்பு என்று ஒவ்வொரு நிலைமைக்கும் தனிச் சொல் இருக்கிறது. கல்லாதவரைக் களர் நிலத்துக்கு ஒப்பிடும் குறள்கூட உண்டு. இந்தச் சொற்கள் மண்ணில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொல்கின்றன. மலடு அப்படி எதையும் சொல்வதில்லை. குற்றத்தை மட்டும் இடம் மாற்றி வைக்கிறது. குழந்தை இல்லாத வீட்டில் யாரையும் பரிசோதிக்காமலே பெண்ணின் வயிற்றின்மேல் பழி விழுவதுபோல, விளையாத வயலில் மண்ணின்மேல் பழி விழுகிறது. நஞ்சு ஊற்றியவன் வாக்கியத்திலேயே இல்லை.

*

எங்கள் பக்கத்தில் இது சொல்லாராய்ச்சியோடு முடிகிற விஷயம் இல்லை. காட்பாடி பாலாற்றின் வடகரை. மேற்கே, ஆற்றின் மேல்பக்கம் வாணியம்பாடி, ஆம்பூர். கிழக்கே, கீழ்ப்பக்கம் இராணிப்பேட்டை, வாலாஜாபேட்டை. இரண்டு பக்கமும் தோல் பதனிடும் ஆலைகள். பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வந்து பாலாற்றில் சேரும் ஓர் ஆற்றின் பெயரே மலட்டாறு. தண்ணீர் ஓடாத காலம் அதிகம் என்பதால் அதற்கு அந்தப் பெயர் என்றால், பாலாற்றுக்கு என்ன பெயர் வைப்பது?

தோலுக்கும் மண்ணுக்கும் நடுவில் நடந்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘மாசு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதும் மலடு என்று சொல்வதைப் போன்றதுதான். உரித்த தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டு வைக்கிறார்கள். ஆலைக்கு வந்ததும் முதல் வேலை அந்த உப்பைக் கழுவி வெளியேற்றுவது. பிறகு சுண்ணாம்பு, முடி நீக்கும் ரசாயனங்கள், அமிலம், கடைசியில் பதனிடும் பொருள். ஒரு காலத்தில் அது ஆவாரம் பட்டை. 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்ய மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்து, முழுதாய் முடித்த தோலை ஊக்குவித்தபின் குரோமியம் அந்த இடத்தைப் பிடித்தது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் என்று உச்ச நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட மனு சொன்னது. அந்தத் தண்ணீர் பல ஆண்டுகள் பக்கத்து நிலத்துக்கும் ஓடைக்கும் ஏரிக்கும் ஆற்றுக்கும்தான் போனது.

உப்புத் தண்ணீர் வயலில் நின்றால் மண்ணுக்கு நடப்பது இது. களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்புச் சத்து. சோடியம் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டால் துகள்கள் ஒன்றையொன்று விட்டு உதிர்ந்து, மண்ணுக்குள் இருக்கும் சின்னச் சின்ன வழிகளை அடைத்துக்கொள்ளும். மேலே ஓடுபோல இறுகும். மழை பெய்தால் தண்ணீர் இறங்காது, தேங்கி நின்று ஆவியாகும். வரப்போரம் உப்புப் பூக்கும். வேருக்குக் காற்றும் இல்லை, நீரும் இல்லை. உவர் என்றும் களர் என்றும் முன்னோர் பிரித்து வைத்தது இந்த நிலைகளைத்தான்: கரையும் உப்பு மிகுந்தது உவர், சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டது களர். உவரை நல்ல தண்ணீர் கொண்டு கழுவிவிடலாம். களரை வெறும் தண்ணீரால் கழுவ முடியாது. முதலில் ஜிப்சம் போட்டுச் சோடியத்தை விலக்க வேண்டும்.

வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பை இந்தியச் சூழலியல் சட்டத்தின் அடிக்கல் என்பார்கள். மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும், கெடுதல் வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்புதான் சொன்னது. சட்டக் கல்லூரி மாணவிகள் தேர்வுக்குப் படிப்பது இதை. அதில் பதிவான ஒரு எண்ணை அவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள்: தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் செய்த ஆய்வின்படி, தோல் ஆலைகள் இருக்கும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போயிருந்தது. ஏக்கரில் சொன்னால் 86,000க்கும் மேல்.

அந்தத் தீர்ப்பை நான் ஒரு பிரதியாகவே வாசிக்கிறேன், எட்டாம் குறளை வாசித்த அதே கண்ணோடு. இழப்பீட்டை இரண்டு தலைப்புகளில் கணக்கிட வேண்டும் என்றது நீதிமன்றம்: ஒன்று, கெட்ட சூழலை மீட்பதற்கு, மற்றொன்று, பாதிக்கப்பட்ட தனிநபர்களுக்கு. பிரிப்பு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வரப்பு ஓடுகிறது, அந்த வரப்பின்மேல் நிற்பவள் எந்தப் பக்கமும் சேராமல் போகிறாள். மண் ஒரு தலைப்பு, மண்ணை வைத்திருப்பவர் இன்னொரு தலைப்பு. மண்ணை மண்ணாக வைத்திருந்தவள்?

கணக்கைப் பாருங்கள். இந்தத் தீர்ப்பின்படி அமைந்த சூழல் இழப்புத் தடுப்பு மற்றும் இழப்பீட்டு ஆணையம் 2001 மார்ச் 7 அன்று தன் முடிவைச் சொன்னது. 1991 ஆகஸ்ட் முதல் 1998 டிசம்பர் வரையிலான காலத்துக்கு, 29,193 பேருக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய். வகுத்தால் தலைக்கு ஒன்பதாயிரத்து இருநூறு ரூபாயைக்கூடத் தொடவில்லை. ஏழு வருடத்துக்கும் மேலான காலம் அது. மாதத்துக்கு நூறு ரூபாய் சொச்சம். சராசரி என்பது ஏற்றத்தாழ்வை மறைக்கும் என்பது தெரிந்ததுதான், சிலருக்குக் கூடுதலாக, சிலருக்குக் குறைவாக இருக்கும். இருந்தாலும் ஒரு வயலின் ஏழு வருட விளைச்சலுக்கு இந்த மொழியில் எழுதப்பட்ட விலையை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கத்தான் வேண்டும்.

இன்னும் பெரிய கேள்வி, பட்டியலில் ஏறும் வழி. நில இழப்பை நிறுவப் போகும் யாரிடமும் அரசு மேசை முதலில் கேட்பது பட்டாவும் அடங்கலும். அடங்கலில் புல எண் இருக்கும், பயிர் இருக்கும், பட்டாதாரர் பெயர் இருக்கும். நாற்று நட்டவர் பெயருக்கு அங்கே கட்டமே இல்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடி நிலங்களை நடத்துபவர்களில் பெண்கள் சுமார் 14 விழுக்காடு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ வேலை செய்யும் பெண்களில் ஏறக்குறைய 65 விழுக்காட்டினர் விவசாயத்தில் இருந்தார்கள்; அவர்களிலும் பெரும்பகுதி கூலிகள். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் எருக்கூடை இருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு 1989லேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தந்தது, அதற்குமுன் மணமானவர்களை விட்டுவிட்டு. 2005இல் மத்தியச் சட்டம் அந்த விலக்கையும் எடுத்தது. அதன்பிறகும் பதிவு அலுவலகங்களில் அக்கா தங்கைகள் அண்ணன் தம்பிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வருகிறார்கள். பிறந்த வீட்டுக் கதவு மூடிவிடக் கூடாதே என்ற பயம், சீர் செய்தாயிற்றே என்ற வாதம். நிலத்தின் மீதான உரிமையை விட்டுக்கொடுக்கும் அந்தக் காகிதத்துக்கு நம் மொழி வைத்திருக்கும் பெயர் ‘விடுதலைப் பத்திரம்’. இதற்குமேல் நான் விளக்கவுரை எழுத வேண்டியதில்லை.

மண் கெட்டபோது பட்டா இல்லாதவள் இழந்தவற்றைப் பட்டியல் போடலாம். நடவுக் கூலி, களைக் கூலி, அறுப்புக் கூலி. இவையாவது கூலி என்பதால் ஒரு எண்ணாக மாறும். வரப்பில் அறுத்துவந்த புல்? களையோடு களையாகக் கிள்ளி மடியில் கட்டிவந்த பண்ணைக்கீரை, தொய்யக்கீரை? அடுப்புக்கு ஒடித்துவந்த சுள்ளி? வயல் கிணற்றில் மொண்டுவந்த குடிதண்ணீர்? புல் போனதும் மாட்டை விற்றாள். நிலமில்லாத வீட்டு மாடுகளின் சாணமும் ஆடுகளின் புழுக்கையும் நிலமுள்ளவர் வயலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. மாடு போனதும் எரு போனது. எரு போனதும், தோல் கழிவு எட்டாத வயல்களிலும் மண் இளைத்தது. அவளுடைய இழப்பும் மண்ணின் இழப்பும் ஒரே சங்கிலி. தீர்ப்பு பிரித்த இரண்டு தலைப்புகளுக்கு நடுவில் இந்தச் சங்கிலிதான் அறுபட்டுக் கிடக்கிறது. சேரி நிலங்கள் பெரும்பாலும் பள்ளத்தில் இருப்பவை, கழிவு தானாக வந்து சேரும் இடத்தில் இருப்பவை என்பதையும் இதனோடு சேர்த்துப் படித்தால், சாதி இந்தக் கணக்கில் எங்கே நுழைகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

*

2015 பிப்ரவரியில் மத்திய அரசு மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கியது. இதுவும் ஒரு பிரதிதான். மண்ணைப் பற்றி அரசு எழுதும் மிகச் சிறிய பிரதி. கார அமில நிலை, மின்கடத்துதிறன், கரிமச்சத்து, தழை, மணி, சாம்பல், கந்தகம், பிறகு துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். பன்னிரண்டு. இந்தப் பன்னிரண்டில் குரோமியம் இல்லை. சோடியமும் இல்லை. மின்கடத்துதிறனைப் பார்த்தால் உப்பு எவ்வளவு என்று ஓரளவு தெரியும். எந்த உப்பு என்று தெரியாது. பாலாற்றுப் படுகையில் மண்ணுக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள எந்த இரண்டைக் கேட்க வேண்டுமோ அந்த இரண்டையும் கேட்காத அட்டை, யூரியா எத்தனை மூட்டை என்று மட்டும் துல்லியமாகச் சொல்கிறது. நாடு முழுமைக்கும் ஒரே படிவம் என்பதால் இப்படி என்று பதில் சொல்வார்கள். பெண்களுக்கு இந்தப் பதில் புதிதில்லை. யாருடைய வலியைப் படிவம் கேட்கவில்லையோ அந்த வலி இல்லை என்று ஆகிவிடும்.

அட்டையில் வராத மண் எங்கே போகிறது என்பதற்கு இராணிப்பேட்டையே சாட்சி. அங்கே மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் வளாகத்தில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் டன் குரோமியக் கழிவு பல ஆண்டுகள் மலைபோலக் கிடந்தது. 2015 ஜனவரி 31 அன்று சிப்காட் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, சேறு பாய்ந்து பத்துத் தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். மண்வள அட்டை அறிவிக்கப்பட்டது அதற்குப் பத்தொன்பது நாட்கள் கழித்து.

இனி மீட்பு. களரை மீட்கும் வழிமுறை வேளாண்மைக் கையேடுகளில் தெளிவாகவே இருக்கிறது. வரப்பை உயர்த்தி வயலைச் சமப்படுத்து, வடிகால் எடு, ஜிப்சம் போட்டு நல்ல தண்ணீர் நிறுத்தி வடி, தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழு, தொழுவுரம் போடு, முதல் சில ஆண்டுகளுக்கு உப்பைத் தாங்கும் நெல் ரகம் வை. ‘நல்ல தண்ணீர்’ என்ற இரண்டு சொற்களைக் கையேடு எவ்வளவு எளிதாக எழுதிவிட்டுப் போகிறது! ஆறு வறண்டு கிடக்கிறது, மணலும் அள்ளியாயிற்று, கிணற்றுத் தண்ணீரே உப்பு. இங்கே நல்ல தண்ணீர் என்றால் மழைதான். ஆக, மழையை வயலிலேயே பிடித்து நிறுத்தும் வரப்பும், மண்ணில் அதை இறங்கவைக்கும் எருவும் தழையும்தான் மிச்சமிருக்கும் மருந்து. ஜிப்சத்தைக் கடையில் வாங்கலாம். மற்ற எல்லாம் கை வேலை, கூடை வேலை. மறுபடியும் எட்டாம் குறள்.

அந்த வேலையைச் செய்பவர்கள் யார் என்பதற்கு நூறுநாள் வேலையைப் பார்த்தால் போதும். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் நடந்த வேலைநாட்களில் ஐந்தில் நான்குக்கு மேல் பெண்களுடையவை. வரப்பு கட்டுவது, பண்ணைக்குட்டை வெட்டுவது, ஏரி தூர்வாருவது, வாய்க்கால் செப்பனிடுவது. மண்ணையும் நீரையும் காக்கும் பணி என்று பாடப்புத்தகத்தில் இருப்பவைதான். ஆனால் ஊரில் இதற்குப் பெயர் என்ன? மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வருகிற வேலை. இந்தக் கேலியைச் சொல்பவர்களில், நூறுநாள் வேலை வந்ததால் களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை, கூலி ஏறிவிட்டது என்று புலம்பும் பட்டாதாரர்களும் உண்டு. ஒரே பெண் வரப்பில் இருந்தால் சோம்பேறி, வயலில் இல்லாவிட்டால் குற்றவாளி.

வேலூருக்குத் தெற்கே நாகநதியில் நடந்ததையும் இந்த இடத்தில் பேச வேண்டும். 2014இல் தொடங்கிய அந்தப் பணியில் ஆயிரக்கணக்கான பெண்கள், நூறுநாள் வேலையின் கீழ், ஆற்றிலும் ஓடைகளிலும் மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் உறைகிணறுகளையும் தடுப்புகளையும் கட்டினார்கள். கிணறுகளில் நீர்மட்டம் ஏறியது, வறண்ட நதி மீண்டது என்று செய்திகள் வந்தன. நல்ல செய்திதான், எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ‘நதியை மீட்ட பெண்கள்’ என்ற அந்தத் தலைப்பை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். நதி பெண், மீட்டவர்கள் பெண்கள், பாராட்டு பெண்களுக்கு. ஏறிய நீர்மட்டம் யாருடைய கிணற்றில்? அந்தக் கிணறு யாருடைய பட்டாவில்? பாராட்டைப் பெண்பாலில் எழுதிவிட்டால் சொத்தை ஆண்பாலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பது பழைய ஏற்பாடு.

இப்படிச் சொல்லும்போது பெண்கள் எல்லோரும் மண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்று நான் கேட்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இயற்கை விவசாய மேடைகளில் ‘நம் பாட்டிமார்களின் மண்ணறிவு’ என்று உருகுகிறவர்களிடம் எனக்கு எச்சரிக்கை உண்டு. அந்தப் பாட்டிமார்களுக்கு இடுப்பு வலி இருந்தது, சம்பளம் இல்லை. அவர்களின் பேத்திகள் இன்று விடியற்காலையில் கம்பெனி பேருந்தில் ஏறி ஆம்பூருக்கும் இராணிப்பேட்டைக்கும் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். ஷூவின் மேல்பகுதியைத் தைக்கும் தையல் வரிசைகளில் பெரும்பாலும் பெண்கள்தான். பாட்டியின் வயலைக் கெடுத்த அதே தோல், பேத்திக்குக் கூலி தருகிறது. அந்தக் கூலி குறைவு, நேரம் அதிகம், மேற்பார்வையாளரின் வாய் மோசம், எல்லாம் உண்மை. ஆனாலும் அவள் கையில் இருக்கும் இ.எஸ்.ஐ. அட்டையில் அவள் பெயர் இருக்கிறது. பி.எஃப். கணக்கு அவள் எண்ணில் இருக்கிறது. மூன்று தலைமுறையாக அந்த வீட்டுப் பெண்கள் பார்த்த வேலைக்கு, அவர்கள் பெயரில் வந்த முதல் காகிதம் அது. மண்ணைவிட்டு அவள் போய்விட்டாள் என்று வருத்தப்படுவதற்கு முன்னால், மண் அவளுக்கு ஒரு காகிதமாவது தந்ததா என்று கேட்க வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு இப்போது அவசரம் கூடியிருக்கிறது. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு இதே வேலூர் வழக்கின் தொடர்ச்சியில் தீர்ப்பு சொன்னது. வழங்கப்படாமல் கிடக்கும் இழப்பீட்டை அரசே முதலில் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும்; ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து மாவட்டத்தின் சூழலைத் தணிக்கை செய்ய வேண்டும்; அந்தக் குழுவில் பாதிக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். 1996இல் பிறந்த பெண்ணுக்கு அப்போது வயது இருபத்தெட்டு. ‘பாதிக்கப்பட்டவர்’ என்ற சொல்லுக்கு இனி யார் எப்படிப் பொருள் எழுதப் போகிறார்கள் என்பதுதான் விஷயம். அதை விரித்து எழுத முன்மாதிரி இல்லாமல் இல்லை. 2007ஆம் ஆண்டு தேசிய விவசாயிகள் கொள்கை ‘விவசாயி’ என்ற சொல்லுக்குள் கூலித் தொழிலாளர்களையும் குத்தகைதாரர்களையும் சேர்த்தே வரையறை எழுதியது. எம்.எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவையில் பெண் விவசாயிகள் உரிமைக்காகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். பட்டா இல்லாத பெண்ணுக்கும் விவசாயி என்று சான்று தரவேண்டும் என்பது அதன் சாரம். அது காலாவதியாகிப் போனது.

ஆவணம் இல்லாதவர்களை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று அதிகாரிகள் கேட்பார்கள். நூறுநாள் வேலையின் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்க்கலாம். எந்த ஊர், எந்த வேலை, எந்த வரப்பு, எந்த ஏரி, எத்தனை நாள், எவ்வளவு கூலி என்று அதில் இருக்கிறது. காட்பாடி ஒன்றியத்தின் பதிவேடுகளைப் புரட்டினால் பக்கம் பக்கமாகப் பெண்களின் பெயர்கள் வரும். மண்ணுக்குச் செய்த வேலையின் எதிரில் பெண்ணின் பெயரை அரசே தன் கையால் எழுதி வைத்திருக்கும் ஏடு அது. குழுவின் மேசையில் பட்டாவும் அடங்கலும் இருக்கும் இடத்தில் இந்த ஏட்டையும் வைக்கச் சொல்லிக் கேட்கலாம்.